நடந்துகொண்டிருக்கும் குற்றம்

இதை எனக்குச் சொன்னவரை நான் எப்போதும் நம்பினேன்; அவர் சொன்னதைத்தான் பல வருடங்களாக நம்ப முடியவில்லை. ஏட்டு கதிரேசன் பொய் சொல்கிறவர் இல்லை. வேலையில் இருந்த காலத்தில் சொல்லியிருக்கலாம், அந்த வேலைக்கு அது தேவைப்பட்டிருக்கும். ஆனால் ஓய்வு பெற்று, எங்கள் தெருவின் எதிர்ச்சாரியில் வீடு கட்டிக் குடிவந்து, தினமும் காலையில் பால் பூத் வரிசையில் எனக்கு முன்னாலோ பின்னாலோ தூக்குவாளியோடு நிற்கிற ஒரு மனிதருக்குப் பொய் சொல்லி ஆகவேண்டியது ஒன்றும் இல்லை. பால் வண்டி தாமதமாகிற நாட்களில் அவர் துண்டு துண்டாகச் சொன்னதை நான் சேர்த்து வைத்தேன், சேர்த்து முடித்ததும் சந்தேகப்பட்டேன், சந்தேகம் தாங்காமல் அந்த ஊருக்கே ஒருமுறை போனேன். போய்விட்டு வந்த பிறகு சந்தேகம் இடம் மாறியதே தவிரத் தீரவில்லை.

ஈச்சனூரணி என்கிற அந்த ஊரில் கிழக்குத் தெரு என்று ஒரு தெரு இருக்கிறது. பஸ் நிற்கும் இடத்தில் தொடங்கி ஊரணிக் கரையில் முடிகிற நேரான தெரு. அதைக் கடந்துதான் கரைக்கு அந்தப் பக்கம் இருக்கும் காலனிக்குப் போக வேண்டும். காலனிக்காரர்கள் தெருவுக்குள் நுழைகிற இடத்தில் குனிந்து செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வார்கள், தெரு முடிகிற இடத்தில் கீழே போட்டுக் காலை நுழைத்துக்கொள்வார்கள். இதை எந்தப் பலகையிலும் யாரும் எழுதி வைத்ததில்லை, யாரும் நின்று மிரட்டியதும் இல்லை என்று தெருக்காரர்கள் சொல்வார்கள். சித்திரை வெயிலில் தார் இளகிக் கிடக்கும்போதும் அப்படித்தான், மழையில் சேறு மிதிபடும்போதும் அப்படித்தான், பிணத்தோடு போகும்போதும் பெண்ணழைத்துப் போகும்போதும் அப்படித்தான். கையில் செருப்போடு நடக்கிற அந்தக் காட்சி ஊர்க் கண்ணுக்கு அவ்வளவு பழகிவிட்டதால், அது ஒரு காட்சி என்பதே அங்கே யாருக்கும் தெரியாமல் போயிருந்தது.

அந்தத் தெருவின் தலைமாட்டில் புதிதாகக் கட்டிய தண்ணீர்த் தொட்டியைத் திறந்துவைக்க ஒரு மந்திரி வந்தார். குழாய் கிழக்குத் தெருவின் கடைசி வீட்டோடு நின்றிருந்தது. காலனிக்காக நாலு வார்த்தை பேச, செங்கல் சூளையில் வேலை பார்த்த சன்னாசி என்பவனை அனுப்பினார்கள். அவன்தான் திக்காமல் பேசுவான். சன்னாசி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, தெருமுனையில் வழக்கம்போலக் குனிந்து, டயர் செருப்பைக் கழற்றிக் கைக்கு ஒன்றாக எடுத்துக்கொண்டு, கூட்டத்தை விலக்கிப் போய் மந்திரிக்கு முன்னால் நின்றான். மந்திரிக்கு வலப்பக்கம் நின்றவர் பஞ்சாயத்துப் பிரசிடெண்ட் சேவுகப்பெருமாள். இடப்பக்கம் நின்றவர் நம் ஏட்டு.

"குழாய் கடைசி வீட்டோட நின்னுபோச்சுங்கய்யா. இன்னுங் கொஞ்சம் இழுத்து விட்டா எங்களுக்கும் வந்துரும்" என்றான் சன்னாசி.

"இழுத்துருவோம்ப்பா, அதுக்கென்ன" என்றார் மந்திரி. நல்ல மனநிலையில் இருந்தார். அப்புறம் அவன் கைகளைப் பார்த்தார். "அது என்னய்யா, செருப்பைக் கையில வச்சிருக்க? கால்ல போடத்தானே வாங்குன?"

பிரசிடெண்ட் முந்திக்கொண்டார்.

"அவுகளுக்குக் கால் கூசுமுங்கய்யா."

தெருவே சிரித்தது. மாடியில் நின்ற பெண்கள் சிரித்தார்கள், மாலையோடு நின்றவர்கள் சிரித்தார்கள், மந்திரியும் சிரித்தார். அவர் புரிந்துகொண்டு சிரித்தாரா, எல்லோரும் சிரிக்கிறார்களே என்று சிரித்தாரா என்பதை ஏட்டால் கடைசிவரை சொல்ல முடியவில்லை. "ஆனா தம்பி, சன்னாசியும் சிரிச்சான். அதுதான் எனக்கு மறக்கல. அவனுஞ் சேர்ந்து சிரிச்சான்." சிரித்துக்கொண்டே, பெரிய மனிதர்களிடம் விடைபெறும்போது எல்லோரும் செய்வதுபோல, கும்பிடுவதற்காக இரண்டு கைகளையும் மேலே தூக்கினான். இடது கைச் செருப்பு கையிலேயே இருந்தது. வலது கைச் செருப்பு கிளம்பிவிட்டது.

மந்திரி கண்ணை மூடிக்கொண்டார். அடி விழவில்லை. திறந்து பார்த்தபோது அவருடைய கன்னத்துக்கு ஒரு சாண் தள்ளி, குதிகால் பக்கம் சற்றே தூக்கினாற்போல, செருப்பு காற்றில் நின்றுகொண்டிருந்தது. அவர் தலையை நகர்த்தினார். அது நகரவில்லை. அவர் பின்னால் போனார். அது அங்கேயே இருந்தது.

அப்போது அதைப் பார்க்க யாருக்கும் நேரம் இருக்கவில்லை. எல்லோரும் சன்னாசியை அடித்துக்கொண்டிருந்தார்கள். அவனை வண்டியில் ஏற்றி, மந்திரியின் கார்கள் போய், அறுந்த மாலைகளைக் கூட்டி அள்ளும்போதுதான் தெருக்காரர்கள் நிமிர்ந்து பார்த்து, இது இன்னும் இங்கேயேவா நிற்கிறது என்று எரிச்சல்பட்டார்கள். மூங்கில் கழியால் தள்ளினார்கள், கழி வளைந்தது. போலீஸ்காரர் ஒருவர் லத்தியால் ஓங்கி அடித்துத் தோள்பட்டையைப் பிடித்துக்கொண்டார். சுருக்குக் கயிறு போட்டு உழவு மாட்டைக் கட்டி இழுத்தார்கள், கயிறு அறுந்து மாடு முழங்காலிட்டது. தீயணைப்பு வண்டியை வரவழைத்து அரை வண்டித் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தார்கள். செருப்பு நன்றாகக் கழுவப்பட்டு, முன்னைவிடச் சுத்தமாக, சொட்டிக்கொண்டு நின்றது. சாயங்காலம் ஆனதும் அவரவர் வீட்டுக்குச் சோறு தின்னப் போனார்கள்.

மறுநாளிலிருந்து பேச்சு. தண்டனை என்ன கொடுக்கலாம் என்கிற அந்தப் பேச்சு மெய்யப்பன் டீக்கடையில் காலையில் தொடங்கிச் சாயங்காலம்வரை ஓய்வதில்லை.

"கையை எடுக்கணும்யா. செருப்பு எடுத்த கையை எடுத்துட்டா அடுத்தவன் செய்வானா?"

"எடுத்துட்டா அவன் எதைக்கொண்டு செங்கல் அறுப்பான்? உங்க வீட்டுச் சுவருக்கு நீயா அறுப்ப?"

"ரெண்டு அறை விட்டு அனுப்பியிருக்கலாம். அதான் விட்டாச்சுல்ல? இருநூறு பேரு விட்டாச்சு."

"மந்திரின்னா யாரு? நாம ஓட்டுப் போட்ட ஆளு. அவரு மேல விழுந்தா நம்ம மேல விழுந்த மாதிரி."

"விழலியேய்யா" என்றார் மெய்யப்பன், டம்ளரைக் கழுவிக்கொண்டே. "அங்கதான நிக்குது."

மந்திரி மறுவாரமே, அறியாமல் செய்துவிட்டார், நான் மன்னித்துவிட்டேன் என்று செய்தித்தாளில் சொல்லியிருந்தார். அந்த மன்னிப்புதான் சன்னாசிக்கு எமனாக வந்தது என்று ஏட்டு சொல்வார். அண்ணன் மன்னிக்கலாம், தொண்டன் மன்னிக்க மாட்டான் என்று கட்சிக்காரர்கள் ஜில்லா முழுக்க மறியல் செய்தார்கள். அண்ணனின் பெருந்தன்மையின் அளவுக்குத் தங்கள் கோபத்தின் அளவும் இருக்க வேண்டும் என்று அவர்கள் நினைத்தார்கள்போல. மேலே இருப்பவர் ஒருபடி இறங்கினால் கீழே இருப்பவர்கள் இரண்டு படி ஏறினார்கள், அந்த ஏற்றத்தில் வழக்கும் சேர்ந்து ஏறி, சாதாரணக் கைகலப்புப் பிரிவில் தொடங்கியது கொலை முயற்சியில் போய் நின்றது.

செருப்பு வீசுவது சரி என்று நான் ஒருபோதும் நினைத்ததில்லை. ஒரு மனிதனின் முகத்தை நோக்கிச் செருப்பு போகும்போது அதில் ஒரு சின்னக் கொலை இருக்கிறது, அந்த முகம் மந்திரியுடையதாக இருந்தாலும்தான். வரிசையில் நின்றுகொண்டு இதை ஏட்டிடமும் சொல்லியிருக்கிறேன். ஆனால் அந்தக் கொலைக்கு எவ்வளவு தண்டனை என்று யோசிக்கத் தொடங்கினால், அந்தத் தெருவில் குனிந்து செருப்பைக் கழற்றிய ஒவ்வொரு முறையும் நடந்தது என்ன, அதற்கு எவ்வளவு என்று மனம் தானாகவே அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறது. அங்கிருந்து எனக்குத் திரும்பிவரத் தெரியவில்லை. நியாயம் பேசுகிறவனுக்கு எங்காவது நிறுத்தத் தெரிய வேண்டும். எனக்குத் தெரிந்ததில்லை.

நீதிமன்றத்தில் சிக்கல் வேறு விதமாக இருந்தது. ஜாமீன் கேட்டபோது, எறியப்பட்ட பொருள் இன்னும் போய்ச் சேரவில்லை, ஆகவே குற்றம் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது, நடந்துகொண்டிருக்கும் குற்றத்தின் நடுவில் குற்றவாளியை வெளியே விடுவது எப்படி என்று அரசுத் தரப்பு கேட்டது. நீதிபதி நேரில் வந்து பார்த்தார். குடை பிடித்துக்கொண்டு செருப்பைச் சுற்றி ஒரு முறை நடந்தார், மோர் குடித்தார், திரும்பிப் போய் ஜாமீன் இல்லை என்றார். சரி, தண்டனையாவது கொடுங்கள் என்று கேட்டபோது, முடியாத குற்றத்துக்குத் தண்டனை எப்படிக் கொடுப்பது என்று அதையும் தள்ளிவைத்தார். அது விழட்டும், எங்கே விழுகிறது என்று பார்த்துவிட்டுச் சொல்வோம் என்பது தீர்மானமாயிற்று. சான்றுப்பொருளை அதன் இடத்திலேயே பாதுகாக்க வேண்டும், எதிரியின், அதாவது சன்னாசியின், தரப்பைச் சேர்ந்த யாரும் நெருங்கக் கூடாது என்று உத்தரவும் வந்தது. நாலு கம்பம் நட்டு, கயிறு கட்டி, ஒரு நாற்காலி போட்டு, ஏட்டு கதிரேசனைக் காவலுக்கு உட்கார வைத்தார்கள். சன்னாசி சிறையில் இருந்தான், செருப்பு தெருவில் இருந்தது, இரண்டில் எது முதலில் இறங்கும் என்று ஊர் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு பார்ப்பதையும் விட்டுவிட்டது.

எந்த அதிசயமும் ஒரு மழைக்காலத்துக்குமேல் தாங்காது. செருப்புக்கு வடக்கே மூன்றாவது வீடு என்று விலாசம் சொன்னார்கள். "செருப்பெல்லாம் எறங்கு" என்று கண்டக்டர்கள் கத்தினார்கள், யாரும் சிரிக்கவில்லை. தெருவின் நடுவில், ஆளின் முகத்துக்கு நேரே அது நின்றதால், எதிரே வண்டி வரும்போது ஒதுங்குகிறவர்கள் கயிற்றை ஒட்டி நடந்து, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு போகவேண்டியிருந்தது. போகப்போகக் கழுத்துக்கு அது பழகி, வண்டி வராதபோதும் சாய்ந்தது. யாருக்கும் தலை குனியாதவர் என்று பெயரெடுத்த பிரசிடெண்ட் காலையும் மாலையும் அந்த இடத்தில் தலையைச் சாய்த்துக்கொண்டு போவதைக் காலனிக்காரர்கள் தூரத்திலிருந்து பார்த்தார்கள். வேட்டாளிக் குளவி ஒன்று வந்து செருப்பின் வார்களுக்கு நடுவில் மண் கூடு கட்டியது. மார்கழிப் பனி அதன் விளிம்பில் கோர்த்துச் சொட்டி, கீழே தார்ச்சாலையில் ஒரு காசளவுக்குக் குழி விழுந்தது.

மாசித் திருவிழாவில் அம்மன் சப்பரம் கிழக்குத் தெரு வழியாக வரவேண்டும். செருப்புக்கு முன்னால் அம்மனைக் கொண்டுபோக முடியாது என்று பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். சப்பரம் போக இருந்த வேறு ஒரே வழி ஊரணிக் கரையைச் சுற்றிக் காலனிக்குள் நுழைந்து வரும் வழிதான். காலனியில் செய்தி பரவி, பெண்கள் வாசல் தெளித்துக் கோலம் போட்டு, பானையில் மஞ்சள் தண்ணீர் கலந்துவைத்துக் காத்திருந்தார்கள். பெரியவர்கள் நன்றாக யோசித்து, இந்த வருடம் அம்மன் வெளியே வரவேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். அடுத்த வருடமும் வரவில்லை. அதற்கடுத்த வருடம் யாரும் கோலம் போடவில்லை.

இதற்கிடையில் புதிதாக வந்த சப்-இன்ஸ்பெக்டர் ஒலிபெருக்கியில் ஓர் எச்சரிக்கை விடுத்தார்: பாதுகாப்பை முன்னிட்டுக் கிழக்குத் தெருவில் யாரும் கையில் செருப்பு வைத்துக்கொண்டு நடக்கக் கூடாது, மீறினால் வழக்கு. கையில் இருந்தால் அது ஆயுதம் என்றார். காலில் போட்டுக்கொண்டு போகலாமா என்று காலனியில் சிலர் பிரசிடெண்டிடம் போய்க் கேட்டார்கள். "சர்க்கார் கையில வேணாம்னு சொல்லுது. கால்ல போடுன்னு சொல்லலியே" என்றார் அவர். ஆகவே கையிலும் இல்லை, காலிலும் இல்லை. பஸ் நிற்கும் தெருமுனையில் ஆவாரஞ்செடிக்குப் பக்கத்தில் செருப்புகளை வரிசையாக விட்டுவிட்டு, வெறுங்காலோடு தெருவைக் கடந்து, அந்தப் பக்கமும் வெறுங்காலோடே நடந்து வீட்டுக்குப் போனார்கள்.

சன்னாசிக்காக வாதாட நாச்சியப்பன் என்று ஒரு வக்கீல் கிடைத்தார். வயதானவர், பொறுமைசாலி. சன்னாசியின் மனைவி இருளாயியை உட்காரவைத்து அவர் விளக்கினார்: "எறியலம்மா, கும்பிடத் தூக்குனப்ப கை தவறிப் போயிருச்சுன்னு சொன்னா, கேசே இல்ல. ஆனா செருப்பு ஏன் கையில இருந்துச்சுன்னு கேப்பாங்க. அதுக்கு அந்தத் தெருக்காரங்க ஒருத்தர் வந்து, எங்க ஊரு வழக்கம் அதுன்னு சொல்லணும். ஒரே ஒருத்தர் போதும்."

இருளாயி தெருத்தெருவாகப் போகவேண்டியிருக்கவில்லை, ஒரே தெருதான். ஒவ்வொரு வாசலிலும் தள்ளி நின்று கேட்டாள். பிரசிடெண்ட் வீட்டு முற்றத்தில் அதற்காக ஒரு கூட்டமும் நடந்தது. ஏட்டும் போயிருந்தார்.

"பாவம்ங்க, புள்ளைகுட்டிக்காரன்" என்றார் ஒருவர்.

"பாவந்தான். நான் இல்லேங்கலியே" என்றார் பிரசிடெண்ட். "ஆனா வக்கீலு என்ன கேப்பான்? ஏன் கையில வச்சிருந்தான்னு கேப்பான். நாம என்ன சொல்றது? அப்படி ஒரு வழக்கம் நம்ம ஊர்ல இருக்கா?"

அவர் டீக்கடைக்காரர் பக்கம் திரும்பினார்.

"மெய்யப்பா, நீ சொல்லு. இருக்கா?"

"இல்லீங்க" என்றார் மெய்யப்பன்.

"சொன்னா நம்ம மேலதான் கேசு வரும். ஊரே உள்ள போகணும். ஒருத்தனுக்காக ஊரே போறதா? நீயே சொல்லு தாயி."

இருளாயி முற்றத்துக்கு வெளியே நின்றிருந்தாள். வெறுங்காலோடு நின்றிருந்தாள். "நான் என்னத்தச் சொல்லுறது சாமி" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

காலனியிலிருந்து இரண்டு பேர் சாட்சி சொல்ல முன்வந்தார்கள். ஒருவர் நெல் அறுக்கப் போகிற வயல் பிரசிடெண்டுடையது. மற்றவர் தைரியமாகவே நின்றார், ஆனால் எதிரியின் ஒன்றுவிட்ட தம்பி என்பதால் அவர் சொன்னது எடுபடவில்லை.

சிறையில் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு இருளாயி கணவனிடம் மன்றாடினாளாம். இதை அவளே ஏட்டிடம் சொல்லியிருக்கிறாள். நீங்களாவது கை தவறிருச்சுன்னு சொல்லுங்க, சத்தியமா அதுதான நடந்துச்சு என்று கேட்டிருக்கிறாள். சன்னாசி வெகுநேரம் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "கும்பிடத்தான் தூக்குனேன் புள்ள. தூக்குன கை வேற வேலை பாத்துருச்சு" என்றானாம்.

"அப்பத் தவறலியா?"

"தவறல."

"எறிஞ்சீகளா?"

"எறியவும் இல்ல. கை எறிஞ்சுச்சு. நான் சிரிச்சுக்கிட்டு இருந்தேன்ல."

இதைத்தான் நீதிமன்றத்திலும் சொன்னான். வக்கீல் தலையில் கைவைத்துக்கொண்டார். மன்னிப்புக் கேட்கிறாயா என்று கேட்டதற்கு, அந்தக் கை கேக்கணும்னா கேக்கட்டும்ங்கய்யா என்றான். திமிர் என்று எழுதிக்கொண்டார்கள்.

காவலுக்கு ஆட்கள் மாறினார்கள், ஏட்டு மாறவில்லை. அவருக்கு முழங்கால் வலி, நாற்காலியில் உட்காரும் வேலை கிடைத்தது பாக்கியம் என்று அவர் மேலதிகாரிகள் நினைத்தார்கள். வெயிலுக்கு அவருக்குத் தார்ப்பாய்ப் பந்தல் போட்டுக் கொடுத்தார்கள். பந்தல் நிழல் செருப்பின் மேலும் விழுந்தது. இருளாயி சந்தை நாட்களில் கீரைக்கட்டு விற்றுவிட்டுத் திரும்பும்போது ஆவாரஞ்செடிக்குப் பக்கத்தில், கழற்றி விட்ட செருப்புகளின் வரிசையை ஒட்டி உட்கார்ந்துகொண்டு அங்கிருந்தே பேசுவாள்.

"ஏட்டய்யா, சாப்பிட்டீகளா?"

"ஆச்சு. உன் வீட்டுக்காரன் எப்படி இருக்கான்?"

"இருமுறாக. ரத்தம் வருதுன்னு சொன்னாக. அங்கன உள்ள டாக்டரு சூடுன்னு சொல்லுறாராம்."

"மனு போட்டியா?"

"வக்கீலய்யா போட்டாக. அது விழுந்தாத்தான் ஆகுமாம்."

அப்புறம் இரண்டு பேரும் கொஞ்ச நேரம் செருப்பைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒருநாள் அவள் எழுந்து கயிறுவரைக்கும் வந்துவிட்டாள்.

"அய்யா, நான் எடுத்துக்கிட்டுப் போயிரட்டா?"

"எதை?"

"செருப்பத்தான். எங்க வீட்டுச் செருப்புதான அது. எடுத்துக் கோர்ட்டுல குடுத்துட்டா, விழுந்துருச்சுன்னு வச்சுக்கிருவாகல்ல? மருந்து மாத்திரைக்காவது வெளிய வருவாக."

ஏட்டு நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "ஏ புள்ள, தள்ளு, தள்ளு அங்கிட்டு. சாட்சியைக் கலைச்சேன்னு உன் மேலயும் கேசு வரும். என் வேலையும் போகும். மாட்டைக் கட்டி இழுத்தே வரல, நீ எடுத்துருவியாக்கும்?"

அவள் தள்ளிப் போய் நின்றாள். "மழையில நனையுதே" என்றாள்.

"டயருதானே. ஒண்ணும் ஆகாது போ."

சன்னாசி ஐப்பசியில் செத்துப்போனான். சிறை ஆஸ்பத்திரியிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். பிணத்தைக் கிழக்குத் தெரு வழியாகக் கொண்டு போகும்போது செருப்பின் பக்கத்தில் பாடை கொஞ்சம் சாய்ந்து ஒதுங்க வேண்டியிருந்தது. ஏட்டு எழுந்து தொப்பியைக் கழற்றி நின்றார், கயிற்றைக் கொஞ்சம் உள்ளே இழுத்து வழிவிட்டார். செருப்பு அசையவில்லை. எதிரி இறந்துவிட்டதால் வழக்கு முடிந்தது என்று நீதிமன்றத்தில் ஒரு வரியில் முடித்தார்கள். காவலை எடுத்துவிடும்படி உத்தரவு வந்தது. கம்பங்களைப் பிடுங்கி, கயிற்றைச் சுருட்டி, நாற்காலியை டீக்கடையில் கொடுத்துவிட்டு ஏட்டு பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது, இருளாயி தெருவுக்குள் வந்தாள்.

காவலும் கயிறும் இல்லாத தெருவில் அவள் நேராக நடந்து வந்து, நின்று, கொடியில் காய்ந்த துணியை எடுப்பதுபோலக் கையை நீட்டிச் செருப்பை எடுத்தாள். அது வந்துவிட்டது. குளவிக் கூட்டை நகத்தால் சுரண்டி உதிர்த்தாள், முந்தானையால் துடைத்தாள். அதன் ஜோடி நீதிமன்றத்தில் எங்கோ சாக்கில் கிடந்தது. கையில் இருந்த ஒற்றைச் செருப்பைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றவள், அதைக் கீழே போட்டு, வலது காலை நுழைத்துக்கொண்டு நடந்தாள். ஆண்பிள்ளைச் செருப்பு, அவள் காலுக்குப் பெரிது. ஒரு கால் சத்தம் போட்டது, ஒரு கால் போடவில்லை. கிழக்குத் தெரு முழுக்க, கடைசி வீட்டையும் அங்கே நின்றுபோன குழாயையும் தாண்டி, நொண்டுகிறவளைப்போல அவள் போனதை எல்லா வாசல்களும் பார்த்தன. பிரசிடெண்ட் வாயைத் திறந்தார் என்றும், தலைமட்டும்தான் பழக்கத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்தது என்றும் ஏட்டு சொன்னார்.

நான் அந்த ஊருக்குப் போனது இதையெல்லாம் கேட்டு வெகுகாலத்துக்குப் பிறகு. தெருவுக்குச் சிமெண்ட் போட்டிருந்தார்கள். செருப்பு நின்ற கதையைக் கேட்டால், யாரோ உங்களை நன்றாக ஏமாற்றியிருக்கிறார்கள் சார் என்று டீக்கடையில் சிரித்தார்கள். அப்படி ஒரு வழக்கும் இல்லை, செருப்பைக் கழற்றுகிற வழக்கமும் எங்கள் ஊரில் எந்தக் காலத்திலும் கிடையாது என்றார்கள். நானும் கிட்டத்தட்ட நம்பிவிட்டேன். ஆனால் பஸ்ஸுக்காக நின்றபோது பார்த்தேன்: தெருவில் நடந்து வந்த ஒரு பெரியவர், ஒன்றுமே இல்லாத ஓர் இடத்தில், தலையைச் சற்றே ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு போனார். அவருக்குப் பின்னால் வந்தவரும் சாய்த்தார். அந்த நிகழ்ச்சிக்கு வெகுநாள் கழித்துப் பிறந்திருக்கக்கூடிய கல்லூரிப் பெண் ஒருத்தி, கைப்பேசியில் பேசிக்கொண்டே வந்தவள், அவளும் சாய்த்தாள்.

நான் அந்த இடத்துக்குப் போனேன். முகத்துக்கு நேரே வெறும் காற்று. கையை நீட்டி அந்தக் காற்றைத் தொட்டுப் பார்க்கத்தான் போனேன். என் கை மேலே வரவில்லை. எனக்கு அங்கே என்ன தடை, யாருடைய செருப்பு அது, அதைத் தொட்டால் எனக்கு என்ன வந்துவிடும் என்று பஸ்ஸில் திரும்பிவரும் வழியெல்லாம் என்னையே கேட்டுக்கொண்டு வந்தேன். இவ்வளவு காலமும் அது காற்றில் எப்படி நின்றது என்பதை மட்டுமே நான் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

மறுநாள் காலை பால் வண்டி வரவில்லை. ஏட்டு வரிசையில் எனக்கு முன்னால் நின்றிருந்தார். நான் ஊருக்குப் போய் வந்ததைச் சொன்னேன். "இல்லேன்னுதான சொன்னாங்க? சொல்லத்தான் செய்வாங்க" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வாளியைக் கீழே வைத்துவிட்டு, அத்தனை வருடங்களில் ஒருமுறையும் கேட்கத் தோன்றாததை அவரிடம் கேட்டேன்.

"ஏட்டய்யா, கழியால தள்ளுனீங்க, லத்தியால அடிச்சீங்க, மாட்டைக் கட்டி இழுத்தீங்க, தண்ணி பீய்ச்சி அடிச்சீங்க. அப்புறம் அவன் சாகுறவரைக்கும் கையெட்டுற தூரத்துலதான் உக்காந்திருந்தீங்க. நீங்களோ, அந்த ஊர்ல வேற யாரோ, ஒரு தடவையாவது அதைக் கையால எடுத்துப் பாத்தீங்களா?"